எந்த விதி தடுத்தது என்று சொல்லுங்கள்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், தலைமைச் செயலாளருக்கும், நலத்திட்டங்களை வகுக்கும் துறைச் செயலாளர்களுக்கும்:

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த மின்கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் வந்தது. முதல் நூறு யூனிட் இலவசம். அடுத்த நூறு 2.25 வீதம் 225 ரூபாய், அதற்கடுத்த இருநூறு 4.50 வீதம் 900, கடைசி நூறு 6 வீதம் 600. அதே வீட்டில் ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் பில் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை எட்டு ரூபாய்தான். ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கு இரண்டாவது நூறில் இருந்த சலுகை விலை போய்விடுகிறது. மீதி 225 ரூபாய் அதனால் ஏறுவது. அதற்கு முந்தைய கட்டணத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம்: 500க்கு 1,130 ரூபாய், 501க்கு 1,786 ரூபாய் 60 காசு.

இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கணினி தேவைப்படவில்லை. கட்டண அட்டவணை ஊரறிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பேனா பிடித்துப் போட்டுப் பார்த்துவிடலாம். போட்டுப் பார்த்தார்கள். ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் 480இல் நிற்க வேண்டிய வீடு 512க்குப் போய்விடுகிறதே என்று மக்களே கண்டுபிடித்தார்கள். மாதாமாதம் கணக்கெடுங்கள் என்று கேட்டார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்தது. விதி வெளியே தெரிந்ததால் சண்டை போட முடிந்தது.

மின் பில் போடும் மென்பொருள்தான் விதிவழி மென்பொருளின் மிக எளிய வடிவம். ‘இன்னது இருந்தால் இன்னது செய்’ என்று மனிதர் எழுதிக் கொடுத்ததை அது அப்படியே செய்யும். தானாக எதையும் கற்காது, ஊகிக்காது, நேற்று ஒரு பதிலும் இன்று ஒரு பதிலும் சொல்லாது. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் இத்தகைய மென்பொருளை எழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் தொழிலில் இதை ரூல் எஞ்சின் என்போம். இப்போது இதைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் கொட்டாவி விடுகிறார்கள். மேடைகள் எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்குப் போய்விட்டன. ஆனால் ஓர் ஏழைப் பெண்ணுக்கு அரசு பணம் தருமா தராதா என்பதை முடிவு செய்யும் இடத்தில் ஊகிக்கிற இயந்திரத்துக்கு வேலை இல்லை, விதிப்படி நடக்கிற இயந்திரத்துக்குத்தான் வேலை இருக்கிறது என்பது என் கட்சி. அது என்ன செய்யும், எங்கே சறுக்கும் என்று நம் மாநிலத்துத் திட்டம் ஒன்றையே வைத்துக் காட்டுகிறேன்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்து, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தேர்வானார்கள். இத்தனை விண்ணப்பங்களை இத்தனை விரைவில் மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து பிரித்திருக்க முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை ஐந்து ஏக்கருக்குக் குறைவாக அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அரசு ஊழியர், வருமான வரி கட்டுவோர், கார், ஜீப், டிராக்டர் வைத்திருப்போர் வீடுகளுக்குக் கிடையாது. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ரூல் எஞ்சினுக்குப் புரியும்படி இதை எழுத உட்கார்ந்தால் கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும்.

நிலத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நஞ்சையும் ஒன்பது ஏக்கர் புஞ்சையும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள்தான். சேர்த்துப் பார்த்தால்? இன்னொரு வீட்டில் நஞ்சை மூன்று ஏக்கர், புஞ்சை இருபது. ‘அல்லது’ என்பதை எழுத்துப்படி எடுத்தால் இவர்களும் தகுதி பெறுகிறார்கள். சட்டம் அப்படி நினைத்திருக்காது. ஆனால் இயந்திரத்துக்கு நினைப்பு தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். இத்தனைக்கும் நம் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் இந்தச் சிக்கலை அப்போதே கண்டுகொண்டு, வெவ்வேறு தர நிலங்களை ஒப்பிட ‘ஸ்டாண்டர்டு ஏக்கர்’ என்ற பொது அளவையை வைத்திருக்கிறது.

அடுத்தது மின்சாரம். ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று குடும்ப அட்டைகள், மூன்று அடுப்பு, ஒரே மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் ஆண்டுக்கு 4,500 யூனிட். மூன்று மருமகள்களும் வரம்பைத் தாண்டியவர்களா? அல்லது தலைக்கு 1,500 என்று பிரித்து மூவருக்கும் கொடுப்பதா? வாடகை வீடென்றால் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குடும்பம் என்பது அட்டையைப் பொறுத்ததா, மீட்டரைப் பொறுத்ததா?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாமல் நிரல் ஓடாது. ஆகவே, இப்படிப்பட்ட எந்தத் திட்டத்திலும் யாரோ விடை சொல்லித்தான் இருப்பார்கள். ஒரு துணைச் செயலர் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து வந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், தனக்குத் தோன்றியபடி ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஒரு வரி லட்சம் குடும்பங்களுக்குச் சட்டம். அது அரசாணையில் இல்லை, அரசிதழில் இல்லை, சட்டமன்றத்தின் மேசைக்கு வரவில்லை. நிரலில் மட்டும் இருக்கிறது. என் முதல் கோரிக்கை இதுதான்: அந்த வரிகளை வெளியே கொண்டு வாருங்கள்.

சட்டத்தைக் கணினி விதிகளாக வெளிப்படையாக எழுதிக் காட்டுவது புதுமை அல்ல. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி உள்ளிட்ட குழுவினர் பிரோலாக் என்னும் கணினி மொழியில் விதிகளாக எழுதி 1986இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் சட்டப் பிரிவை எடுத்து, பிறந்த தேதியையும் பெற்றோர் விவரத்தையும் கொடுத்தால் இவர் குடிமகனா என்று சொல்லும்படி செய்தார்கள். எங்கள் தொழிலில் அந்தக் கட்டுரையைப் படிக்காதவர் படிக்க வேண்டும். அதில் என்னை இன்றும் விடாத இடம், கைவிடப்பட்ட குழந்தை பற்றிய பிரிவு.

பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகன் என்றாலோ அங்கே நிரந்தரமாகத் தங்கியவர் என்றாலோ, அந்த மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்பது விதி. சரி, தெருவில் கண்டெடுத்த பச்சிளங்குழந்தைக்கு? தாய் யார், தந்தை யார் என்று தெரியாது. பிரோலாக்கின் இயல்பு, நிரூபிக்க முடியாததைப் பொய் என்று கொள்வது. தந்தை குடிமகன் என்று நிரூபிக்க முடிந்ததா? இல்லை. தாய்? இல்லை. அப்படியானால் குழந்தை குடிமகன் இல்லை. இயந்திரத்தை அதன் போக்கில் விட்டால் இந்த முடிவுக்குத்தான் வரும். சட்டமோ நேர் எதிராகச் சொல்கிறது: மாறாக நிரூபிக்கப்படாத வரை, அந்தக் குழந்தை தகுதியுள்ள பெற்றோருக்கு அந்நாட்டில் பிறந்ததாகவே கொள்ள வேண்டும். தகவல் இல்லாதபோது பாரம் யார் தலையில் விழ வேண்டும் என்பதைச் சட்டம் யோசித்துத் தீர்மானித்திருக்கிறது.

நம் அலுவலகக் கணினிகளில் இந்தத் தீர்மானத்தை யார் எடுக்கிறார்கள்? குடும்ப அட்டையில் ‘முத்துலட்சுமி’ ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலில், ஆதாரில் இன்னொன்றில், வங்கிக் கணக்கில் முதலெழுத்து முன்னால், வாக்காளர் பட்டியலில் பின்னால். கணவர் பெயரா தகப்பனார் பெயரா என்பது அந்தந்த எழுத்தரின் கைவசம். நான்கு பதிவேடுகளும் ஒருவரைத்தான் குறிக்கின்றன என்று பொருத்த முடியாதபோது வருவது ‘தெரியவில்லை’ என்ற விடை. நிரலில் அதற்கு இடம் வைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ சத்தமில்லாமல் ‘இல்லை’ ஆகிவிடும். ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று விடைகளையும் எந்த நல்ல ரூல் எஞ்சினும் தாங்கும். மூன்றாவது விடை வந்தால் விண்ணப்பத்தைத் தள்ளுவதா, கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) அனுப்புவதா, மாறாக நிரூபிக்கப்படும் வரை கொடுப்பதா என்பது அரசியல் தீர்மானம். அதை எடுக்க வேண்டியது நீங்கள். நிரல் எழுதுபவர் அல்ல.

இரண்டாவது கோரிக்கை, மறுப்பைப் பற்றியது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் மைசின் என்றொரு நிரலை உருவாக்கினார். இரத்தத்தில் கிருமித் தொற்று உள்ள நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று ஆலோசனை சொல்லும். சில நூறு விதிகள் அதில் இருந்தன. மருத்துவமனைகளில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. ஆனாலும் நாங்கள் இன்றும் அதைப் பேசுவதற்குக் காரணம் இரண்டு கேள்விகள். நிரல் ஏதாவது கேட்டால் மருத்துவர் திருப்பி ‘ஏன் கேட்கிறாய்’ என்று தட்டச்சு செய்யலாம். முடிவைச் சொன்னால் ‘எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்’ என்று கேட்கலாம். இன்ன விதியின்படி, இன்ன தகவல் இருந்ததால், என்று அது வரிசையாகச் சொல்லும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிரல் தன் முடிவுக்கு விளக்கம் சொல்லப் பழகியிருந்தது.

உரிமைத் தொகைத் திட்டத்தில் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வரும் என்றும், முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அறிவித்தீர்கள். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். அதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ‘நான்கு சக்கர வாகனம் உள்ளது’ என்று ஒருவருக்குச் செய்தி போகிறது என்று வையுங்கள். வீட்டில் காரே இல்லாத பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ‘இன்ன பதிவு எண், இன்ன ஆண்டு பதிவானது, உங்கள் கணவர் பெயரில் உள்ளது’ என்று போனால் அவருக்குச் சட்டென்று விளங்கிவிடும்: அது என்றோ விற்ற பழைய வண்டி, வாங்கினவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவே இல்லை. விதி சரி, தகவல்தான் பழசு. முதல் செய்தி அவரைத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வைக்கும். இரண்டாவது செய்தி ஒரே நாளில் தீர்த்து வைக்கும். இரண்டுக்கும் ஆகும் கணினிச் செலவு ஒன்றுதான். ஏனென்றால் எந்த விதி, எந்தத் தகவல் என்பது முடிவெடுத்த அந்த நொடியில் நிரலுக்குத் தெரிந்தே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி), பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. கேட்டால் சொல்வது அல்ல, கேளாமலே சொல்ல வேண்டிய கடமைகளின் பட்டியலில் அது இருக்கிறது.

விதிவழி மென்பொருள் என்றால் அநீதியே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர் வாங்கிய ஏற்பாடு முழுக்க விதிவழிதான். ஒருவரின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிலிருந்து எடுத்து, ஆண்டின் 26 இருவாரக் காலங்களுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டார்கள். ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதம் வேலை பார்த்தவர், இந்தக் கணக்கில் ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவராகத் தெரிவார். உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும். இல்லை என்று நிரூபிக்க, பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டை அவரே தேட வேண்டும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிச் சிக்கினார்கள். 2019இல் இந்தச் சராசரிக் கணக்கைக் கைவிட்டார்கள், 2023இல் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. சராசரி எடுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் கதையின் சாரம். கணினி ஒரு பிழையும் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. அந்த விதியைத் தொடக்கத்திலேயே பொதுவெளியில் வைத்திருந்தால், ஆறு மாதம் வேலை பார்த்த யாரோ ஒருவர் தன் கணக்கைப் போட்டுப் பார்த்து ஒரே நாளில் உடைத்திருப்பார். நம் ஆட்கள் 501ஆவது யூனிட்டைப் பிடித்தது போல.

ஊகிக்கிற இயந்திரம் கெடுத்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். தெலங்கானாவில் பல துறைகளின் பதிவேடுகளைப் பெயர், முகவரி ஒற்றுமையை வைத்து மென்பொருள் இணைத்துப் பார்த்தது. லட்சக்கணக்கான குடும்ப அட்டைகள் ரத்தாகி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் களத்தில் நேரில் சரிபார்க்கும்படி உத்தரவானது. ‘இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவராக இருக்கலாம்’ என்று சொல்கிற இயந்திரத்தோடு எந்தக் கணக்கைக் காட்டி வாதாடுவது? சந்தேகப்பட வேண்டுமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வயிற்றில் அடிக்கும் முடிவை அதனிடம் விடாதீர்கள்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். எல்லாவற்றையும் வெளியிட்டால் மக்கள் விதியை ஏமாற்றக் கற்றுக்கொள்வார்களே? ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாமலிருக்க ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் கேட்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் தகுதி விதிகள் ஏற்கெனவே அரசாணையில் இருக்கின்றன. மறைந்திருப்பது அவற்றுக்கு நிரல் எழுதியவர் கொடுத்த விளக்கம் மட்டுமே. அதைத் தெரிந்துகொள்ள வசதியும் ஆளும் உள்ளவர்கள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள். தெரியாமல் நிற்பது வரிசையின் கடைசியில் இருப்பவர்கள். பிரான்ஸ் நாட்டு வரித்துறை தன் வருமான வரிக் கணக்கு நிரலை 2016இல் பொதுவெளியில் வைத்தது. அதே ஆண்டு இயற்றிய சட்டம், கணினி வழியாக ஒருவரைப் பற்றி முடிவெடுத்தால் அதன் முக்கிய விதிகளை அவர் கேட்கும்போது சொல்ல வேண்டும் என்றது. அதனால் பிரான்ஸின் கஜானா காலியாகிவிடவில்லை.

இனி நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகுதி விதிகள் கொண்ட எந்த அரசாணையும் இரண்டு பின்னிணைப்புகளோடு வரட்டும். ஒன்று, கணினியில் ஓடும் விதிகள், தமிழில், ‘என்றால்’ போட்டு. நம் மொழியில் நிபந்தனை வாக்கியம் இயல்பாகவே விதியின் வடிவில்தான் இருக்கிறது, வி.ஏ.ஓ.வும் வாசிக்கலாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியும் வாசிக்கலாம். இன்னொன்று, இருபது மாதிரிக் குடும்பங்கள். மூன்று அட்டை ஒரு மீட்டர் குடும்பம், நான்கு ஏக்கர் நஞ்சையும் ஒன்பது ஏக்கர் புஞ்சையும் உள்ள குடும்பம், விற்ற காரின் பெயர் மாறாத குடும்பம், கணவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாத பெண். ஒவ்வொன்றுக்கும் கிடைக்குமா கிடைக்காதா, எந்த விதியால் என்று துறைச் செயலாளர் கையெழுத்திட்டு எழுதட்டும். நிரல் அந்த இருபதுக்கும் அதே விடையைச் சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். எங்கள் தொழிலில் இதைச் செய்யாமல் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைக்கூட வெளியே விடமாட்டோம்.

எல்லாவற்றையும் விதியாக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான், சோதித்துப் பார்க்க முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். வயதைக் கணினி பார்த்துவிடும். ஆதரவற்றவரா என்பதைப் பார்க்காது. மகன் இருக்கிறான், ஆனால் சோறு போடுவதில்லை. வீடு இருக்கிறது, ஆனால் கூரை இல்லை. அந்த இடத்தில் விதி நின்று, ‘இதை வி.ஏ.ஓ. நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லட்டும். பார்த்தவர் பெயரும் தேதியும் அவர் கண்டதும் பதிவாகட்டும். இயந்திரம் முடிவெடுத்த இடம் எது, மனிதர் முடிவெடுத்த இடம் எது என்று அந்த மூதாட்டிக்கு வரும் தாளில் தனித்தனியாகத் தெரியட்டும்.

இதற்குப் பெரிய ஒப்பந்தப்புள்ளி எதுவும் தேவையில்லை. விதி எழுதும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். தேவைப்படுவது, அந்த இருபது குடும்பங்களுக்கும் விடை எழுத ஒரு மூத்த அதிகாரி ஒதுக்கும் இரண்டு மூன்று நாட்கள். பின்னிணைப்பை வெளியிடுங்கள், இருபத்தோராவது குடும்பத்தை நாங்கள் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
விதிகள் எழுதிப் பிழைத்த ஒரு குடிமகன்